அரைக்காசு வட்டம்

2023ல் ஒரு சனிக்கிழமை காலை. மெல்போர்னில் நம்மவர் ஒருவர் நடத்தும் சின்ன டிபன் கடை. இட்லி, வடை, நெய் ரோஸ்ட், இரண்டு காபி என்று குடும்பத்தோடு மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, கல்லாவில் கார்டைத் தேய்த்தேன். 30 டாலர் பில்லுக்கு மெஷின் 30 டாலர் 45 சென்ட் காட்டியது. கார்டில் கொடுத்தால் ஒன்றரை சதவீதம் கூடுதல் என்று கல்லாவுக்குப் பக்கத்தில் சின்னதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். நான்தான் கவனிக்கவில்லை.

"என்னங்கண்ணா, காபி குடிக்கிறதுக்குமா கார்டு சார்ஜ்?" என்றேன்.

"பேங்க்காரன் என்கிட்ட புடிக்கறதைத்தானுங்க போட்டிருக்கேன். ரொக்கமாக் குடுத்தீங்கன்னா ஒண்ணும் கிடையாதுங்க" என்றார். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைக்காரர். அங்கே பேசுவது பெரும்பாலும் நம்ம கொங்குத் தமிழ்தான். நான் போடிநாயக்கனூர். இருவருமே கேரள எல்லையை ஒட்டி வளர்ந்தவர்கள் என்பதால் கொஞ்சம் ஒட்டுதல் உண்டு. பர்ஸில் தேடினால் ஐந்து டாலர் நோட்டு ஒன்றுதான் இருந்தது. கட்டிவிட்டு வந்தேன்.

45 சென்ட் பெரிய காசு இல்லை. ஆனாலும் மனதுக்குள் முணுமுணுப்பு. என் பணத்தை நான் கொடுப்பதற்கு நானே கூலி தருவதா? அன்று இரவு அப்பாவிடம் போனில் புலம்பினேன். அவர் சிரித்தார்.

"அப்ப வட்டம் கட்டிட்டு வந்திருக்கேன்னு சொல்லு. ஒங்க தாத்தா கடையில இது அரைக்காசு."

இந்தப் பதிவு அந்த அரைக்காசைப் பற்றியது.

*

வட்டம் என்றால் நமக்கு இன்று ஜியோமிதி, அல்லது தாலுகா. பழைய கணக்கு நோட்டுகளில் அதற்கு இன்னொரு பொருள் உண்டு. ஒரு நாணயத்தை இன்னொரு நாணயமாக மாற்றும்போது மாற்றிக் கொடுப்பவர் பிடித்துக்கொள்ளும் தொகைக்குத்தான் வட்டம் என்று பெயர். காசு மாற்றித் தருபவருக்குச் சராப்பு என்று பெயர். ஊருக்கு ஊர் வேறு வேறு நாணயம் புழங்கிய காலத்தில் சராப்பு இல்லாத சந்தை இல்லை, வட்டம் இல்லாத வியாபாரமும் இல்லை.

எங்கள் பக்கத்தில் இது 20ஆம் நூற்றாண்டின் பாதி வரை நீடித்தது. காரணம் மலை.

போடியும் கம்பமும் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தவை, அதாவது பிரிட்டிஷ் மதராஸ் மாகாணம். மேலே ஏறினால் பூப்பாறை, தேவிகுளம், மூணாறு, பீர்மேடு எல்லாம் திருவிதாங்கூர் சமஸ்தானம். இன்றைய இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26ல்தான் பிறந்தது. அதற்கு முன் அது மகாராஜாவின் மலை. 1877ல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். பிறகு தோட்டங்கள் வந்தன. அதில் வேலை செய்ய மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆட்களைக் கூட்டிப் போனார்கள். தேயிலை ஒரு பக்கம், ஏலக்காய் இன்னொரு பக்கம். அரிசி, உப்பு, துணி எல்லாம் கீழிருந்து மேலே போகும். ஏலக்காயும் தேயிலையும் மேலிருந்து கீழே வரும். மூணாறு டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகளை இறக்க ரோப் வேயே போட்டிருந்தார்கள்.

மனிதரும் சரக்கும் சுலபமாகத் தாண்டிய இந்த எல்லையைத் தாண்டும்போது காசுக்கு மட்டும் பெயர் மாறியது.

கீழே ரூபாய், அணா, பைசா. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பைசா. மேலே சக்கரம், காசு. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு சர்க்கார் ரூபாய். இந்தச் சக்கரம் பழங்காலத்தில் பொடியான வெள்ளி நாணயம், சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. கையால் எண்ணினால் விடிந்துவிடும். அதனால் ஒரு மரப்பலகையில் வரிசையாகக் குழி வெட்டி, நாணயத்தை அள்ளிப் போட்டு ஆட்டுவார்கள். குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும், மிச்சத்தைத் தள்ளிவிட்டால் கணக்குச் சரி. சக்கரப் பலகை என்று பெயர்.

திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரூபாயும் செல்லும். ஆனால் அதன் மதிப்பு 28 சக்கரம் இல்லை, 28 சக்கரமும் 8 காசும். அதாவது இருபத்தெட்டரைச் சக்கரம். சர்க்கார் ரூபாயைவிட அரைச் சக்கரம் அதிகம்.

இந்த அரைச் சக்கரத்தில்தான் கதை இருக்கிறது.

*

என் தாத்தா 1940களில் போடிமெட்டைத் தாண்டி பூப்பாறை போகும் வழியில் ஒரு காபி கிளப் வைத்திருந்தார். கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அன்றைக்குச் சாப்பாட்டுக் கடைக்கே அதுதான் பெயர். தகரக் கூரை, ஒரு பெஞ்சு, ஒரு பாய்லர். ஏலக்காய் வியாபாரிகள், கங்காணிகள், தோட்டத்து ஆட்கள், கழுதையில் சுமை ஏற்றிப் போகிறவர்கள் என்று எல்லோரும் ஏறும்போதும் இறங்கும்போதும் நிற்கிற இடம். ஏறுகிறவர் மடியில் அணா இருக்கும், இறங்குகிறவர் மடியில் சக்கரம் இருக்கும். கடைக்காரர் இரண்டையும் வாங்கியாக வேண்டும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கணக்கு என்றாலே ஓடுகிறவர்கள் இந்தப் பத்தியை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்றால் 456 காசு. அதைப் பதினாறால் வகுத்தால் ஒரு அணாவுக்கு இருபத்தெட்டரைக் காசு. அரைக்காசு நாணயமாகக் கிடையாது. ஒரு சக்கரத்துக்குக் காபி குடித்துவிட்டு ஓர் அணாவை நீட்டினால் மிச்சம் பன்னிரண்டரைக் காசு வர வேண்டும். கடைக்காரர் 12 காசுதான் தருவார். வேறு வழியும் இல்லை. அரைக்காசு கல்லாவில் தங்கிவிடும்.

அரைக்காசுதானே என்று தோன்றும். 16 அணாவுக்குப் பதினாறு அரைக்காசு, அதாவது 8 காசு, அதாவது அரைச் சக்கரம். ஆகக் கடைசியில் அவர் செலவழித்த பிரிட்டிஷ் ரூபாய்க்குக் கிடைத்தது 28 சக்கரம்தான். சதவீதத்தில் சொன்னால் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால். மெல்போர்னில் கார்டுக்கு என்னிடம் பிடித்தது ஒன்றரை. எண்பது வருஷம், ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளியும் விகிதம் பெரிதாக மாறவில்லை!

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உறைத்தது வேறொன்று. ஏலக்காய் வியாபாரி முழு ரூபாயைக் கொடுத்து மாற்றினால் முழுசாக இருபத்தெட்டரைச் சக்கரம் வாங்கிக்கொண்டு போவார். அவருக்கு நஷ்டமே இல்லை. அணா அணாவாகச் செலவழிக்கிறவருக்குத்தான் ஒவ்வொரு அணாவிலும் அரைக்காசு போகும். ஒரே ரூபாய், ஒரே மலை, ஒரே கடை. மொத்தமாகக் கையில் வைத்திருப்பவருக்கு வட்டம் இல்லை. சில்லறையில் பிழைப்பவருக்கு உண்டு. யாரும் திட்டமிட்டு ஏமாற்ற வேண்டியதில்லை, கணக்கே அப்படி அமைந்திருக்கிறது.

தாத்தா என்ன செய்தார் என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். வாடிக்கையாக வரும் தோட்டத்து ஆட்களுக்குப் பற்று நோட்டு. குடித்த காபியை எல்லாம் சக்கரக் கணக்கில் எழுதிக்கொண்டே வந்து, மாசம் முடிந்து சம்பளம் வந்ததும் கூட்டி, ரூபாய்க்கு இருபத்தெட்டரை என்று ஒரே தடவையாகக் கழித்துவிடுவார். அரைக்காசு போகாது. கேட்கும்போது எனக்குத் தாத்தாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. அப்பத்தா அதையும் உடைத்துவிட்டார்.

"ரொம்ப மெச்சாதடா. வழியோட போறவன்கிட்ட அரைக்காசைப் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு. அவன் திரும்ப வரப்போறதில்லைல்ல?"

*

பாலக்காட்டுப் பக்கம் இந்தச் சிக்கல் வேறு மாதிரி. 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு மதராஸின் மலபார் ஜில்லாவில் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வாளையார் தாண்டிப் போனாலும் அதே ரூபாய், அதே அணா. எல்லை என்ற ஒன்றே அங்கே அப்போது இல்லை. ஆனால் கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகா கொச்சி மகாராஜாவுடையது. கொச்சியின் மற்ற பகுதிகளோடு ஒட்டாமல் பிரிட்டிஷ் மலபாருக்கு நடுவில் தனித் தீவு மாதிரிக் கிடந்தது. கொச்சிக்கும் புத்தன் என்று சொந்த நாணயம் இருந்தது, ஆனால் அது சக்கரத்துக்கு முன்பே விடைபெற்றுவிட்டது. ஆக வட்டத்தின் கடைசித் தலைமுறை எங்கள் கிழக்கு மலைக்காரர்கள்தான்.

1949 ஜூலை 1ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்தன. அதையொட்டிச் சக்கரமும் புழக்கத்திலிருந்து போனது. 1956ல் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழர் கேட்டும் கேரளத்தோடே நின்றுவிட்டன. மாநில எல்லை உறுதியானது, காசு எல்லை மறைந்தது. 1957 ஏப்ரல் 1ல் அணாவும் போய் நயா பைசா வந்தது. இனிமேல் வட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று தாத்தா நினைத்திருப்பார்.

நிற்க.

அதே காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் புது வட்டம் ஒன்று பிறந்துவிட்டது. 1950ல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் கார்டு வந்தது. பெயரைப் பாருங்கள், சாப்பிடுகிறவர்களின் கிளப்! கார்டு முதலில் புகுந்ததே ஓட்டல் கல்லாவில்தான். சாப்பிட்டவர் மாசக் கடைசியில் கட்டுவார். கம்பெனி ஓட்டலுக்குப் பணம் கொடுக்கும்போது 7 சதவீதம் பிடித்துக்கொள்ளும். அதாவது தாத்தாவின் பற்று நோட்டை ஒரு மூன்றாம் ஆள் எடுத்துக்கொண்டு அதற்கு வட்டமும் வாங்க ஆரம்பித்தார்.

இந்தியாவுக்கு இந்தக் கார்டு 1961ல் காலி மோடி என்பவர் மூலம் வந்தது. வங்கிகளில் முதலாவதாக சென்ட்ரல் பேங்க் 1980ல் கார்டு விட்டது. பிறகு நாம் எல்லோரும் பார்த்த காட்சிதான். நகைக்கடையிலும் ஜவுளிக்கடையிலும் "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா சார்" என்பார்கள். டெபிட் கார்டுக்கு இப்படி வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் சொன்னது. கடைக்காரரிடம் வங்கி வாங்குவதற்கும் 2012லேயே உச்சவரம்பு வைத்தது. 2,000 ரூபாய் வரை முக்கால் சதவீதம், அதற்கு மேல் ஒரு சதவீதம். சுற்றறிக்கை வேறு, கல்லா வேறு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

*

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். மதிப்பில் பார்த்தால் புழக்கத்திலிருந்த பணத்தில் 86 சதவீதம். அந்த வாரம் அப்பா போனில் சொன்னது நினைவிருக்கிறது. ஏலத்தோட்டத்துக்குப் போய் வரும் பெண்கள் சிலரிடம் இருந்த பழைய 500க்கு 400 தருகிறேன் என்று ஊரில் ஒருவர் மாற்றிக் கொடுத்தாராம். வங்கியில் முழுசாகக் கிடைக்கும்தான். ஆனால் வரிசையில் நிற்க ஒரு நாள் கூலி போகும், அன்றைக்கே மாறும் என்ற நிச்சயமும் இல்லை. நூற்றுக்கு இருபது! தாத்தா காலத்து ஒன்றே முக்காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு வழி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு வட்டம் ஏறுகிறது.

அடுத்த இரண்டு மாதத்தில் பெட்ரோல் பங்க்காரர்கள் கார்டு வாங்கமாட்டோம் என்று கொடி பிடித்தார்கள். எங்கள் கமிஷன் நிர்ணயிக்கப்பட்டது, அதில் ஒரு சதவீதத்தை வங்கி பிடித்தால் நாங்கள் எங்கே போவது என்பது அவர்கள் வாதம். அரசு தலையிட்டு, பங்க்காரரும் தரவேண்டாம், வாடிக்கையாளரும் தரவேண்டாம் என்று சமாதானம் செய்தது. பல்லாங்குழியில் காய் நகர்த்துவது போலத்தான். ஒரு குழி காலியானால் இன்னொரு குழியில் ஏறியாக வேண்டும்.

2017ல் சம்பளச் சட்டத்தைத் திருத்தி, தொழிலாளியிடம் எழுதி வாங்காமலே கூலியை வங்கிக் கணக்கில் போடலாம் என்று செய்தார்கள். நல்லதுதான். கங்காணி கையில் சம்பளம் சிக்கிய காலத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான், கணக்கில் போடுவதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கணக்கில் விழுந்ததை மளிகைக் கடையில் கொடுக்க ரொக்கமாக்க வேண்டுமே. மாசத்துக்கு இத்தனை தடவை ஏடிஎம் இலவசம், அதற்கு மேல் எடுத்தால் கட்டணம். அப்போது 20 ரூபாய் வரை, 2025 மே முதல் 23 ரூபாய் வரை. மூணாறில் 2015 செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள் "பெண்பிளை ஒருமை" என்று தாங்களே திரண்டு, யூனியன் தலைவர்களை ஒதுக்கிவைத்துப் போராடியது ஞாபகம் இருக்கும். அன்று அவர்கள் நாள் கூலி 232 ரூபாய். கேட்டது 500, கிடைத்தது 301. அந்த 232ல் 20 ரூபாய் என்பது ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. மொத்தமாக எடுத்து வீட்டில் வைக்க முடிந்தவருக்கு இந்தக் கட்டணம் வராது. ஐந்நூறும் இருநூறுமாக எடுக்கிறவருக்குத்தான் வரும். அணாவுக்கு அரைக்காசு கணக்கேதான் இது.

இப்போது யுபிஐ வந்து நிலைமை மாறியிருக்கிறது. போடிமெட்டில் டீக்கடை வாசலில்கூடக் கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரரிடம் கட்டணம் கிடையாது. அப்படியானால் வட்டம் ஒழிந்ததா? இல்லை, அரசு கட்டுகிறது. சின்னக் கடைகளில் நடக்கும் 2,000 ரூபாய் வரையிலான யுபிஐ வரவுகளுக்கு ஊக்கத்தொகையாக 2024-25க்கு மட்டும் சுமார் 1,500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நம் வரிப்பணம். என்னைக் கேட்டால் இது மோசமில்லை. காசு புழங்குவதற்கான செலவை ரோடு போடுகிற செலவு மாதிரி எல்லோரும் சேர்ந்து ஏற்பது டீக்கடைக்காரருக்கும் டீ குடிப்பவருக்கும் நல்லதுதான். அந்த மானியம் என்றைக்காவது நின்றால் அரைக்காசு யார் தலையில் விழும் என்பதுதான் கவலை.

*

மறுபடி மெல்போர்ன் கல்லாவுக்கு வருகிறேன்.

ஆஸ்திரேலியாவில் கார்டுக்குக் கூடுதலாக வாங்கக் கடைக்காரருக்கு அனுமதி வந்தது 2003ல். அதற்கு முன் கார்டு கம்பெனிகள் தங்கள் ஒப்பந்தத்திலேயே அதைத் தடுத்து வைத்திருந்தன. இங்குள்ள ரிசர்வ் வங்கி அந்தத் தடையை எடுத்தது. இங்கிலாந்து இதற்கு நேர் எதிர், 2018 ஜனவரியில் இப்படி வாங்குவதையே தடை செய்துவிட்டது. ஆஸ்திரேலியாவும் தனக்கு ஆன செலவுக்கு மேல் கடைக்காரர் வாங்கக்கூடாது என்று 2016ல் சட்டம் போட்டது. 2025 ஜூலையில் டெபிட், கிரெடிட் இரண்டுக்கும் இந்தக் கூடுதலையே எடுத்துவிடலாம் என்று ரிசர்வ் வங்கி யோசனை வைத்தது.

எடுத்துவிட்டால் நமக்கு லாபம்தானே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வங்கிக்குப் போகிற காசு நிற்கப் போவதில்லை. தோசை விலையில் ஏறும். ஏறினால் ரொக்கம் கொடுப்பவரும் அதைக் கட்டுவார். என் கிரெடிட் கார்டு நான் செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் பாயிண்ட் தருகிறது. போன தடவை நான் ஊருக்கு வந்த விமான டிக்கெட்டில் பாதி அந்தப் பாயிண்ட்தான். அதை எனக்குச் சும்மா கொடுத்ததாக இத்தனை நாள் நினைத்திருந்தேன். கடைக்காரரிடம் பிடிக்கிற காசில் ஒரு பங்குதான் எனக்குப் பாயிண்டாக வருகிறது. தனியாக வாங்காத கடைகளில் அந்தச் செலவு விலைக்குள் ஒளிந்திருக்கிறது. கிரெடிட் கார்டே கிடைக்காத மாணவனும், சில்லறை எண்ணிக் கொடுக்கும் கிழவியும் என் டிக்கெட்டுக்கு ஆளுக்கு அரைக்காசு போட்டிருக்கிறார்கள்.

அப்படிப் பார்த்தால் கொழிஞ்சாம்பாறைக்காரர் செய்தது நேர்மையான காரியம். செலவு இவ்வளவு என்று எழுதி ஒட்டியிருக்கிறார், வேண்டாம் என்பவருக்கு ரொக்கம் என்ற வழியும் வைத்திருக்கிறார். தாத்தா வழிப்போக்கர்களிடம் அரைக்காசு பிடித்தபோது போர்டு எதுவும் மாட்டவில்லை. என்னைவிட, ஏன் தாத்தாவைவிடவும், அவர் கணக்குச் சுத்தம்.

கூடுதல் வாங்குகிறாரா இல்லையா என்பதில் எனக்கு இப்போது கோபம் இல்லை. நான் பார்ப்பது இரண்டே விஷயம். எவ்வளவு என்று முன்னாலேயே சொல்கிறாரா? கட்டாமல் தப்ப ஒரு வழி இருக்கிறதா? ரொக்கமே வாங்காமல் கார்டுக்கு மட்டும் கூடுதல் போடும் கடைகளும் இங்கே உண்டு. அங்கே இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை. அது அரைக்காசு நாணயமே இல்லாத மலையில் அணாவோடு நிற்பது மாதிரிதான்.

அடுத்த வாரம் அதே கடைக்குப் போனேன். இந்த முறை ரொக்கம் எடுத்துப் போயிருந்தேன். அவரிடம் தாத்தா கதையையும் சக்கரக் கணக்கையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப உங்களுக்கும் ஒரு பற்று நோட்டுப் போட்டரலாமுங்களா?" என்று சிரித்தார்.

போட்டிருக்கிறார். மாசக் கடைசியில் ரொக்கமாகக் கட்டிவிடுகிறேன்.

பின்குறிப்பு: தாத்தாவின் நோட்டுகள் எதுவும் மிஞ்சவில்லை. கடை இருந்த இடத்தில் இப்போது ஏலச்செடிதான் இருக்கிறது என்கிறார் அப்பா. உங்கள் வீட்டுப் பரணில் சக்கரமும் காசும் எழுதிய பழைய கணக்கு நோட்டு ஏதாவது கிடந்தால், கரையான் அரிப்பதற்குள் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். அரைக்காசை எந்தப் பத்தியில் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கும் சொல்லுங்கள்.